கண்டன்சர் விளக்கு

எங்கள் வீட்டில் ஆண்டவர் அம்மாவின் இலாகா, கரண்ட் அத்தையின் இலாகா. இரண்டும் முட்டிக்கொள்கிற ஒரே இடம் ஹாலில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், மாடியில் வீட்டுக்காரரும் கீழே நாங்களுமாக இருந்த வாடகை வீடு அது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் படம்தான். நெஞ்சில் முள் சுற்றிய இருதயத்தை விரலால் காட்டியபடி ஆண்டவர் நிற்பார். அவருக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. பலகையில் தீச்சுடர் வடிவத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு. அது ராத்திரி பகல் எந்நேரமும் எரிய வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். வீட்டில் வேறு எந்த பல்பு சும்மா எரிந்தாலும் ஓடிவந்து அணைக்கிற அம்மா, இதற்கு மட்டும் கரண்ட் பில் பார்க்க மாட்டாள்.

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் உச்சுக்கொட்டுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால் ஆகாதா என்று யாருக்கும் தோன்றும். ஏற்றித்தான் பார்த்திருக்கிறார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் சமயம், படத்தைச் சுற்றி ஒட்டியிருந்த ஜிகினாத்தாள் பற்றிக்கொண்டு ஆண்டவரின் அங்கி ஓரம் கருகிவிட்டது. அந்தக் கரி இன்றைக்கும் ஃபிரேமின் மூலையில் இருக்கிறது. அன்றைக்கே, படத்துக்கு முன்னால் நெருப்பு கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். டெலிபோன் ஃபேக்டரி ஒன்றில் வேலை. விடிவதற்குள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அங்கே நீளமான மேஜைகளில் வரிசையாக உட்கார்ந்து, பச்சை போர்டுகளில் அரிசி அரிசியாக இருக்கும் பாகங்களை ஈயம் வைத்து ஒட்டுகிறவர்கள் எல்லோருமே பெண்கள்தான். வீட்டில் மிக்சி நின்றாலும் ரேடியோ நின்றாலும் அத்தை ஸ்க்ரூடிரைவரோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் உடனே கை வைக்க மாட்டாள். பிளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகும், உள்ளே கரண்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற கண்டன்சர் எங்கே இருக்கிறது என்று தேடி, அதன் இரண்டு காலையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொடுவாள். சில சமயம் 'டப்' என்று ஒரு பொறி தெறிக்கும். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். ஃபேக்டரியில் முதல் நாள் பழக்கிவிட்ட வழக்கமாம் அது.

"ஆஃப் பண்ணிட்டா செத்துப்போச்சுன்னு நெனச்சிக்காதடி. உள்ள வெச்சிக்கினு இருக்கும்" என்பாள்.

அவள் சுபாவமும் ஏறக்குறைய அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் ஓவர்டைம் பார்க்கப் போவதைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னால் அந்த நேரத்தில் பதிலே வராது. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஒரு பொறி தெறிக்கும். நான் என்றைக்கோ சொன்னதற்கு இன்றைக்கு பதில் வருகிறது பார் என்று அம்மா என்னிடம் முகவாயை இடித்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அப்பாவும் அத்தையும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அவர்களுடைய தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசி படிந்து, அத்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். தாய் அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். அப்பாதான் தங்கையை பெங்களூருக்கு அழைத்துவந்து, ஐ.டி.ஐ.யில் சேர்த்து, தன் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வைத்துக்கொண்டார். இதெல்லாம் எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய கதை. மற்றவர்கள் சொல்வார்களே தவிர அத்தை வாயிலிருந்து அது வந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு கோடையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிவாஜி நகர் மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நடுவழியில் யாராவது தெரிந்தவர் கடையில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் பார்த்து, இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்றியாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அப்பா இதை என்னிடம் சொன்ன விதம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. குழாய்க்கு வாஷர் மாற்றுவதுபோலத்தானாம். மாற்றுகிற நேரத்துக்கு இருதயத்தை நிறுத்தி வைப்பார்களாம். அதுவரைக்கும் ஒரு மெஷின் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளுமாம்.

"அந்த நேரத்துல கரண்ட் போயிட்டா?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லி அப்பா சிரித்தார். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, உரித்ததையும் உரிக்காததையும் ஒரே தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அப்பாவை அட்மிட் செய்ய அழைத்துப்போன அன்று ஆட்டோ வாசலில் நின்றது. கூட ஒருவர்தான் தங்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மா போவது, அத்தை லீவு போட்டு, எனக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லி, என்னைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. படத்துக்கு முன்னால் எல்லோரும் நின்று ஜெபம் சொன்னோம். முடித்துவிட்டு அம்மா என் தோளைப் பிடித்தாள்.

"நானும் அப்பாவும் திரும்பி வர்ற வரைக்கும் இந்த விளக்கு அணையக் கூடாது. பாத்துக்கோ" என்றாள்.

பெரியவர்கள் மனசு நிறைந்து ஏதேதோ சொல்வார்கள். அவர்களுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது ஆணை. இருதயத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆண்டவர், அப்பாவின் இருதயம், அதை நிறுத்தி வைக்கப்போகிற டாக்டர், எல்லாம் ஒரு சங்கிலியாகச் சேர்ந்துகொண்டன. விளக்கு எரிந்தால் அப்பா வருவார். அணைந்தால் என்ன ஆகும் என்று நான் நினைக்கக்கூட இல்லை, அந்த இடம் வந்ததும் நினைப்பு தானாக நின்றுவிடும். அணையக் கூடாது என்பதை கரண்ட் ஆபீஸ்காரனிடம் சொல்லுங்கள் அண்ணி என்று அத்தை முணுமுணுத்தாள். அப்பா அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கரண்ட் போயிற்று. அந்தக் கோடையில் தினமும் போகிறதுதான். மேலே ஃபேன் சுற்றி நிற்பதற்குள் நான் அலறிவிட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். என்ன ஆயிற்று, பூரான் கடித்ததா, கீழே விழுந்தாயா என்று கேட்டுக்கொண்டே என் கை காலையெல்லாம் தடவிப் பார்த்தாள். நான் விளக்கைக் காட்டினேன். விஷயம் புரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஆனால் வழக்கம்போல் உள்ளே வைத்துக்கொண்டாள். கரண்ட் திரும்ப வந்த பிறகும் நான் சாப்பிட மறுத்துவிட்டேன். ஒருமுறை அணைந்தது அணைந்ததுதானே. அம்மா சொன்னது ஆபரேஷனுக்குத்தான் பொருந்தும், ஆபரேஷன் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் இது கணக்கில் வராது என்று அத்தை வெகுநேரம் வாதாடி எனக்கு ரசம் சாதம் ஊட்டினாள்.

அப்படியானால் ஆபரேஷன் அன்று அணையாமல் இருக்க வழி பண்ணு என்றேன். டார்ச் செல் ஒன்றைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றாள் அத்தை. எனக்கு அது பிடிக்கவில்லை. செல்லில் இருப்பது வேறு எங்கோ, ஏதோ கம்பெனியில் அடைத்த கரண்ட். விளக்கு அதற்கு மாறிவிட்டால் பழைய விளக்கு அணைந்து புதிய விளக்கு எரிகிறது என்றுதானே அர்த்தம். ஆண்டவரை ஏமாற்றுவதாகாதா? அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பூசைக்கே போகாதவளுக்கு இந்த நுணுக்கம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன்.

"செல்லு கூடாது. இதே கரெண்ட்டாவே இருக்கணும். அவ்ளோதான?" என்றாள்.

அவ்வளவுதான் என்றேன். அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு, சரி, உன் சட்டப்படியே பண்ணுகிறேன் என்றாள்.

மறுநாள் காலை என்னை எஸ்.பி. ரோட்டுக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தச் சந்துகளில் அவள் கால்கள் தானாக நடந்தன. ஒரு கடையில், கன்னடத்தில் விலை பேசி, பழைய சரக்கில் கட்டைவிரலைவிடத் தடியான நாலு கண்டன்சர்களைப் பொறுக்கி எடுத்தாள். பச்சரிசி வாங்குகிறவர்கள் கையில் அள்ளிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள். பொறுமையாக விளக்கிச் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. பஸ்ஸில் நான் நச்சரித்ததால் ஒன்றே ஒன்று சொன்னாள். காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, ஆனால் நாம் தினமும் குளிக்கிறோம், எப்படி? வருகிற அன்று தரைக்கடியில் இருக்கிற தொட்டியில், அந்த சம்ப்பில், நிறைகிறது, வராத அன்று சம்ப்பிலிருந்து எடுக்கிறோம். இதுவும் ஒரு சம்ப். வந்த கரண்ட்டையேதான் கொஞ்சம் வைத்துக்கொள்கிறது, போன பிறகு அதையேதான் கொடுக்கிறது. அதே கரண்ட்தானே என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து வேலை நடந்தது. ஜீரோ வாட் பல்பை எடுத்துவிட்டு, அந்தச் சிவப்பு மூடிக்குள் மிளகு அளவுக்கு ஒரு எல்.இ.டி.யை வைத்தாள். மூடி அதேதான் என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை. நாலு கண்டன்சர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, பழைய டேப் ரெக்கார்டரின் அடாப்டரை இணைத்தாள். ஈயம் உருகுகிற வாசனை ஹால் முழுக்க நிறைந்தது. ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு உடனே எரியவில்லை. ஒன்றும் இல்லாததுபோல இருந்து, பிறகு சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்து, மெல்ல மெல்ல ஏறி நின்றது. முதலில் விறுவிறுவென்று ஏறியது, நிரம்ப நிரம்ப நிதானித்தது. அவசரப்படாதே, சம்ப் நிரம்பட்டும் என்றாள் அத்தை.

நன்றாக நிரம்பிய பிறகு பிளக்கைப் பிடுங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கரண்ட்டே இல்லாமல் எங்கள் ஆண்டவர் முன்னால் விளக்கு எரிகிறது! அத்தையும் நானும் சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது மங்க ஆரம்பித்தது. வேகமாக மங்குகிறதே, இதோ அணைந்துவிடும் என்று நான் பதறினேன். ஆனால் அணையவில்லை. பாதிக்கு வந்த பிறகு அது இறங்குவதே தெரியவில்லை. கடைசியில் மூடிக்குள் ஒரு கடுகு அளவுக்குச் சிவப்பு மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் ரொம்ப நேரம் இருந்தது.

"மொதல்ல இருக்கறது வேகமா போயிடும். கடைசில இருக்கறதுதான் போறதுக்கு மனசு வராம ஒட்டிக்கினு கெடக்கும்" என்றாள் அத்தை.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்கால கரண்ட் கட் அதற்குள் முடிந்துவிடும் என்று அத்தை சொன்னாள். அடுத்தடுத்த நாட்களில் அப்படித்தான் நடந்தது. தெருவே இருண்டு கிடக்க, எங்கள் ஹாலில் மட்டும் அந்தச் சிவப்பு தாக்குப்பிடித்து, கரண்ட் வந்ததும் மறுபடி ஏறும். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. போனில் அம்மாவிடம், விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அப்பாவைப் பார்த்துக்கொள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. காலையிலேயே அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று அம்மா ஆஸ்பத்திரி வாசல் காயின் போனிலிருந்து சொன்னாள். முடிய மத்தியானத்துக்கு மேல் ஆகுமாம், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். அத்தை தரையை ஒருமுறை துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தாள். எனக்கு இட்லி வைத்தாள், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஜெபம் சொல்லலாம் வா என்று கூப்பிட்டேன். நீ சொல்லு, நான் கேட்கிறேன் என்று சுவரோரமாக நின்றாள். நான் சொன்னேன். அவள் உதடுகூட அசையவில்லை. அப்பாவுக்காக இதுகூடச் செய்ய மாட்டாளா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெங்களூர் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. காற்று முதலில் வந்து எல்லாக் கதவையும் அறைந்தது. சந்து முனையில் பெரிய சத்தம் கேட்டது. மேல் வீட்டுக்காரம்மா கன்னடத்தில் கத்திச் சொன்னார், மரம் முறிந்து கம்பி மேலேயே விழுந்துவிட்டது, இனி இன்றைக்குக் கரண்ட் வந்த மாதிரிதான் என்று. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. மழை இருட்டில் ஹாலே சாயங்காலம்போல் ஆகிவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது.

இருபது நிமிஷம் என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். நான் படத்துக்குக் கீழே பாயைப் போட்டு, தலையணையை வைத்து, விளக்கைப் பார்த்தபடி படுத்துக்கொண்டேன். கரண்ட் வந்துடுமா அத்தை என்று கேட்டேன். வந்துடும் என்றாள். சிவப்பு வேகமாக இறங்கியது. பிறகு நின்று நின்று இறங்கியது. நான் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தேன். விடியற்காலையிலிருந்து விழித்திருந்த கண், மழைச் சத்தம் வேறு. கடைசியாகப் பார்த்தது அந்தக் கடுகு அளவுச் சிவப்பைத்தான். தூங்கிப்போனேன்.

எழுந்தபோது மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் தெருவில் தண்ணீரை மிதித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மேலே ஃபேன் சுற்றவில்லை. சட்டென்று எழுந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கடுகு அளவு இல்லை, நன்றாகவே எரிந்தது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் முடியெல்லாம் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"அணையலடி. நீயே பாரு" என்றாள்.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் போன் அடித்தது. அத்தை உடனே எடுக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒரு மணி அடிக்க விட்டு, அடுத்த மணிக்குத்தான் எடுத்தாள். அம்மா பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அத்தை ம் என்றாள், மறுபடி ம் என்றாள், சரி அண்ணி என்றாள். போனை வைத்துவிட்டு, முடிஞ்சிடுச்சாம், நல்லா இருக்காராம், தானாவே துடிக்குதாம் என்று சொன்னாள். அதை என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. பிறகு குளியலறைக்குள் போய் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. குளிக்கிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அதே புடவையில்தான் இருந்தாள்.

அவள் உள்ளே இருந்த நேரத்தில் நான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். நாற்காலிக்குக் கீழே அப்பாவின் மூன்று செல் போடுகிற நீள டார்ச், பின்மூடி கழன்று கிடந்தது. உள்ளே வெறும் குழாய்தான். செல்கள் மூன்றும் ஒரு பழைய காகிதத்தில் வரிசையாகச் சுருட்டப்பட்டு, இரண்டு முனையிலும் ஒயர் துண்டு நீட்டிக்கொண்டு, நாற்காலி மேலேயே இருந்தன. ஒயர்கள் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. டார்ச்சின் ஸ்பிரிங் வளைந்துபோயிருந்தது. எனக்கு வந்ததே கோபம். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, இவள் அப்பாவின் டார்ச்சைப் பிரித்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் வெளியே வந்தபோது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒயர் அழுந்திய தடம் சிவப்பாக, பள்ளமாக இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கரண்ட் வந்தது. விளக்கு எழுந்து நின்றது.

அப்பா வீட்டுக்கு வந்த அன்று அம்மா முதலில் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு எழுந்தாள். ஆபரேஷன் அன்று விளக்கு ஒருதரம்கூட அணையவில்லை என்று நான் மார்தட்டிக்கொண்டேன். ஆண்டவர் கைவிட மாட்டார் என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கூடவே டார்ச் விஷயத்தையும் போட்டுக்கொடுத்தேன். அம்மா அத்தையைப் பார்த்து, ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைக் கையில் எடுக்காமல் ஜெபமாலையை எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். அத்தை பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஏதாவது பொறி தெறிக்கும் என்று நான் காத்திருந்தேன். வாரம் போயிற்று, மாதம் போயிற்று. அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவே இல்லை.

வருஷங்கள் கழித்து, இன்ஜினியரிங் முதல் வருஷம், லேபில் ஒரு கண்டன்சரைக் கொடுத்தார்கள். அதை நிரப்பி, ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, வோல்ட்மீட்டர் முள் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். முள் முதலில் வேகமாக விழுந்து, பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது. எனக்கு எங்கள் வீட்டுப் பலகையும் சிவப்பு மூடியும் ஞாபகம் வந்துவிட்டன. அத்தை போட்ட பாகங்கள் இன்னும் படத்துக்குப் பின்னால்தானே இருக்கின்றன. வீட்டுக்கு வந்து அவற்றின் மேல் இருந்த அளவைப் பார்த்து, விளையாட்டாகக் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் அந்த இருபது நிமிஷத்துக்கு மேல் வரவில்லை. நானோ மழை பிடித்தபோது தூங்கி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எழுந்தவள்.

அப்போதுதான் டார்ச் ஞாபகம் வந்தது. காகிதத்தில் சுருட்டிய மூன்று செல்களும், தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களும், அவள் விரலில் இருந்த தடமும் வந்தன. செல்லை நேராக விளக்கில் கட்டியிருந்தால் நாள் கணக்கில் எரிந்திருக்கும், அவளும் கொஞ்சம் கண் அயர்ந்திருக்கலாம். அவள் கட்டவில்லை. செல் கூடாது என்பது நான் போட்ட சட்டம். செல்களின் ஒயரைக் கையால் பிடித்துக் கண்டன்சரை நிரப்பியிருக்கிறாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கண்டன்சரிலிருந்து மட்டும் விளக்கை எரிய விட்டிருக்கிறாள். அந்த மூன்று செல்லால் நிரப்பினால் பத்து நிமிஷம் நன்றாக எரிந்தால் பெரிய விஷயம். மங்க மங்க மறுபடி பிடித்திருக்கிறாள். மழை முழுக்க, போன் அடிக்கிற வரைக்கும் இப்படியே. லேப் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதேன்.

அப்பா இப்போதும் காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிறார். அத்தை கல்யாணமாகி பிரேசர் டவுனில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன், அன்றைக்கு நீதானே என்று. அவள் என் முகத்தைப் பார்க்காமல் குக்கரைப் பார்த்தாள்.

"நடுவுல கரெண்ட்டு வந்துட்டுப் போச்சுடி. நீ எங்க பாத்த, தூங்கிக்கினு இருந்த" என்றாள்.

பாதி உண்மை. நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று எனக்காக அவள் அத்தனை பாடுபட்டாள் என்று லேபில் தோன்றியதைத்தான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு இதமாகவும் இருந்தது. ஆனால் தூங்குகிற பிள்ளைக்கு விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன. அந்த மத்தியானம் அந்த ஹாலில் விழித்துக்கொண்டிருந்தவள் அத்தை ஒருத்திதான்.